தாய்லாந்தின் மாகாண நகரில் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவருக்குத் தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள கோன் கேன் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு ஆய்வுப் பணி கிடைத்திருக்கிறது. மே மாதத் தொடக்கத்தில் குடும்பத்தோடு அங்கே செல்கிறோம். மகனுக்குப் பதினொரு வயது; சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்திருக்கிறான். மகளுக்கு ஐந்து வயது. பேங்காக் என்றால் விசாரித்தறிய நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். கோன் கேனில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. இருவரையும் ஒரே பன்னாட்டுப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்பது கணவரின் எண்ணம். அது சரியா? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சகோதரி, பள்ளிகளின் பெயர்களைத் தேடுவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் மகன் அங்கே மூன்று ஆண்டுகள் படித்தால், நம் ஊர்க் கணக்கில் ஒன்பதாம் வகுப்பை முடித்துவிட்டு, பத்தாம் வகுப்பில் சேர வேண்டிய ஆண்டில் திரும்புவான். சி.பி.எஸ்.இ. வாரியத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பதிவு ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. இடையில் வந்து நேரடியாகப் பத்தில் சேர்வதற்கு வாரியத்தின் அனுமதி வேண்டும். அதற்கு அலையத் தயாராக இருக்கும் பள்ளியும் வேண்டும். திரும்பி வருவதற்கு இதைவிடச் சங்கடமான ஆண்டு இல்லை. ஆகவே, இரண்டு ஆண்டுகளில் அவனை ஒன்பதாம் வகுப்புக்கு அழைத்து வருவதா, அல்லது பணி நீட்டிப்பு கிடைக்குமானால் நான்காம் ஆண்டும் தங்கி, பிரித்தானியப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு நிலையில் எழுதும் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வை முடித்துக்கொண்டு நேரே பதினொன்றில் சேர்ப்பதா என்பதைக் கிளம்பும் முன்பே கணவரோடு பேசி முடிவு செய்யுங்கள். ஐந்து பாடங்களில் 'சி' அல்லது அதற்கு மேற்பட்ட தரம் பெற்ற ஐ.ஜி.சி.எஸ்.இ. சான்றிதழை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பத்தாம் வகுப்புக்கு இணையாக ஏற்கிறது. நான்காண்டு என்று முடிவானால், அத்தேர்வை நடத்தும் பள்ளியா என்பதே மகனுக்கான முதல் வடிகட்டி. இரண்டாண்டு என்றால் அந்தக் கவலையே இல்லை. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் தொய்வின்றி நடக்கும் எந்தப் பள்ளியும் போதும்.

மகளுக்கு இந்த நெருக்கடி எதுவும் கிடையாது. எட்டு வயதில் திரும்பும் குழந்தையை மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ சேர்த்துக்கொள்ள எந்தப் பள்ளியும் தயங்காது. எனவே இருவரையும் ஒரே பள்ளியில் சேர்ப்பது உங்களுக்கு வசதியாக இருக்குமே தவிர, இருவருக்கும் நன்மையாக இருக்கும் என்று நான் கருதவில்லை.

அங்குள்ள அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாய்லாந்தில் 'அனுபான்' எனப்படும் மழலையர் வகுப்புகளுக்குப் பின், 'ப்ரதோம்' ஆறு ஆண்டுகள், 'மத்தயோம்' ஆறு ஆண்டுகள். நம் பிரதமமும் மத்தியமும்தான் அவை. 'தாய்' எனப்படும் அந்நாட்டு மொழியில் இப்படிப் பழைய உறவினர்கள் அடிக்கடி எதிர்ப்படுவார்கள். தாய்ப் பள்ளிகளின் கல்வியாண்டு மே நடுவில் தொடங்கி, அக்டோபரில் ஒரு விடுமுறையோடு, மார்ச்சில் முடிகிறது. பன்னாட்டுப் பள்ளிகள் பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்குகின்றன. நீங்கள் மே மாதத் தொடக்கத்தில் செல்வது தாய்ப் பள்ளிக்கு மிகப் பொருத்தமான நேரம். பன்னாட்டுப் பள்ளி என்றால் மகன் சில வாரங்களோ மூன்று மாதங்களோ வீட்டில் இருக்க நேரிடும்.

மாகாண நகரங்களில் பள்ளிகள் பல வகை. அரசுப் பள்ளிகள், நகராட்சி நடத்தும் 'தேசபான்' பள்ளிகள், கத்தோலிக்கச் சபைகளும் மற்றவர்களும் நடத்தும் தனியார் பள்ளிகள், பல்கலைக்கழகங்களின் கல்வியியல் துறையை ஒட்டி இயங்கும் 'சாதித்' எனப்படும் மாதிரிப் பள்ளிகள், இவற்றுக்கு அப்பால் பன்னாட்டுப் பள்ளிகள். பெரிய அரசுப் பள்ளிகளிலும் தனியார் பள்ளிகளிலும் 'இ.பி.' என்றும் 'மினி இ.பி.' என்றும் அழைக்கப்படும் ஆங்கிலத் திட்டப் பிரிவுகள் தனிக் கட்டணத்தோடு நடக்கின்றன. முன்னதில் கணிதம், அறிவியல் போன்ற முக்கியப் பாடங்கள் ஆங்கிலத்திலும், தாய் மொழிப் பாடமும் அந்நாட்டுச் சமூகப் பாடமும் தாய் மொழியிலும் இருக்கும். பின்னதில் ஆங்கில வழி நேரம் பாதிக்கு மேல் போகாது. விளம்பரப் பலகையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதால், 'வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தெந்தப் பாடம் ஆங்கிலத்தில்' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மகளுக்கு என் விருப்பம் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு நல்ல தாய் மழலையர் பள்ளி. முதல் இரண்டு மாதங்கள் அழுவாள், அல்லது பேசாமல் இருப்பாள். அரையாண்டுக்குள் உங்களுக்குச் சந்தையில் மொழிபெயர்த்துக் கொடுப்பாள். அனுபான் வகுப்புகளில் மதிய உணவுக்குப் பின் குழந்தைகள் வரிசையாகப் பல் துலக்கிவிட்டுப் பாய் விரித்துத் தூங்குவார்கள் என்பதைக் கேட்டு 'இது என்ன பள்ளி' என்று எண்ணிவிடாதீர்கள். அந்த வயதில் அது வேண்டியதுதான். அதே வேளையில், பெயர்பெற்ற சில தனியார் பள்ளிகளில் ஐந்து வயதுக் குழந்தைக்கே பக்கம் பக்கமாக எழுத்துவேலை கொடுப்பார்கள். அது நமக்குப் பழகிய நோய்தான் என்றாலும் அங்கே போயும் அதைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தை இழந்துவிடுவாளோ என்ற அச்சத்துக்கு வீட்டில் தினம் அரைமணி நேரக் கதைப் புத்தகம் போதும்.

மகனின் நிலை வேறு. பதினொரு வயதில் ஒரு புது மொழியைப் பேசப் பழகலாம். ஆனால் அம்மொழியில் பின்னங்களையும் ஒளிச்சேர்க்கையையும் படித்துத் தேர்வெழுதும் அளவுக்கு வருவதற்கு ஆண்டுகள் ஆகும். அதற்குள் நீங்கள் திரும்பிவிடுவீர்கள். ஆகவே முழுத் தாய்வழிப் பள்ளி அவனுக்கு வேண்டாம். வயதுக் கணக்கில் அவன் மத்தயோம் முதலாண்டில் சேர வேண்டியவன். அது எல்லோரும் பள்ளி மாறும் ஆண்டு என்பதால், வகுப்பில் அவன் ஒருவன் மட்டும் புதியவனாக இருக்க மாட்டான். ஆனால் பெயர்பெற்ற அரசுப் பள்ளிகளில் அந்த வகுப்புக்கு நுழைவுத் தேர்வு உண்டு. மே மாதத்துக்கு முன்பே அது முடிந்துவிடும். இப்போதே மின்னஞ்சல் அனுப்பித் தேதியைக் கேளுங்கள். கோன் கேன் பல்கலைக்கழகமும் ஒரு சாதித் பள்ளியை நடத்துகிறது. உங்கள் கணவர் அங்கே பணியாற்றப் போகிறவர் என்பதால், பணியாளர்களின் பிள்ளைகளுக்கு இடமுண்டா, ஆங்கில வழிப் பிரிவுக்கு என்ன தேர்வு என்பதைத் துறை அலுவலகத்தின் மூலமே விசாரிக்கச் சொல்லுங்கள். நான் முதலில் தட்டும் கதவு அதுதான்.

பன்னாட்டுப் பள்ளி என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாய் மொழியில் அதற்கு 'நானாசாட்' என்று பெயர். நானா ஜாதி என்பதன் திரிபு. அந்தப் பெயரில் உரிமம் பெற்ற பள்ளியைக் கல்வி அமைச்சின் தனியார் கல்வி ஆணைய அலுவலகம் மேற்பார்வை செய்கிறது. 'இன்டர்நேஷனல் புரோகிராம்', 'பைலிங்குவல்' என்றெல்லாம் எழுதிக்கொண்டு தாய்ப் பாடத்திட்டத்தையே நடத்தும் பள்ளிகளும் உண்டு. அவை மோசமானவை என்று சொல்லவில்லை. சில மிக நன்றாகவே நடக்கின்றன. ஆனால் பன்னாட்டுப் பள்ளிக்கான கட்டணத்தைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிவரக் கூடாது. உரிமம் எந்த வகை, பாடத்திட்டம் பிரித்தானியமா அமெரிக்கமா, வெளி அமைப்பின் தரச்சான்று இருக்கிறதா, கடைசி வகுப்பு எது ஆகிய நான்கையும் கேளுங்கள். கடைசிக் கேள்வி உங்களுக்கு முக்கியம். மாகாண நகரங்களின் சிறு பள்ளிகள் சில ஆண்டுக்கொரு வகுப்பாக வளர்ந்து வருபவை; உங்கள் மகனுக்கு வேண்டிய வகுப்பு அடுத்த ஆண்டு திறக்கும் என்பார்கள். திறந்த பின் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

கட்டணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பன்னாட்டுப் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணத்துக்கு மேல் விண்ணப்பக் கட்டணம், திரும்பக் கிடைக்காத சேர்க்கைக் கட்டணம், திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை என்று மூன்று தனித் தலைப்புகள் இருக்கலாம். இரண்டே ஆண்டுகள் படிக்கப் போகும் பிள்ளைக்குச் சேர்க்கைக் கட்டணம்தான் உண்மையான சுமை. அரசுப் பள்ளியில் வழக்கமான பிரிவு கிட்டத்தட்ட இலவசம். ஆங்கிலத் திட்டத்துக்குப் பருவந்தோறும் பணம் கட்ட வேண்டும், ஆயினும் பன்னாட்டுப் பள்ளியோடு ஒப்பிட்டால் அது சிறு பங்கே. பெயர்பெற்ற பள்ளிகளில் இடத்துக்காகக் கைமாறும் தொகைக்கு 'பெ சியா' என்று அங்கே ஒரு சொல்லே உண்டு. நன்கொடை என்று யாரேனும் தனியே பேச வந்தால் ரசீது கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

பள்ளியை நேரில் பார்க்கப் போகும்போது கணினி அறையையும் நீச்சல் குளத்தையும் காட்டுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இடைவேளை நேரம். ஆங்கிலப் பிரிவு என்று பெயர் இருந்தாலும் மைதானத்தில் எல்லோரும் தாய் மொழியில்தான் விளையாடுவார்கள். புதிதாக வந்த ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது, யாரோடு நிற்கிறது என்று பத்து நிமிடம் கவனித்தால் கையேடு சொல்லாத செய்தி கிடைக்கும். அடுத்து, வெளிநாட்டு ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மாகாணங்களின் ஆங்கிலத் திட்டங்களைத் தாங்கி நிற்பவர்களில் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் பலர். அவர்களில் பலரும் மற்ற நாட்டவர்களும் ஓராண்டு ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள். ஒரே ஆண்டில் மூன்று அறிவியல் ஆசிரியர்கள் மாறினால் பாடத்திட்டம் எதுவாக இருந்தும் பயனில்லை. ஆசிரியரின் நாட்டைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்யும் நம்மவர் பழக்கத்தையும் இங்கேயே விட்டுச் செல்லுங்கள். ஐந்தாண்டு தங்கிய மணிலாக்காரர் ஐந்து மாதம் தங்கிய லண்டன்காரரைவிட மேல்.

கேள்வி: நக்கோன் ராட்சசிமா நகருக்குப் போகிறோம். நாங்கள் சைவம். பள்ளியில் மதிய உணவு எப்படி? காலையில் பௌத்த வழிபாடு கட்டாயம் என்கிறார்களே? – ஒரு தந்தை, மதுரை

பதில்: வழிபாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், உணவைப் பற்றித்தான் கொஞ்சம் உழைக்க வேண்டும்.

தாய்ப் பள்ளிகளில் காலை எட்டு மணியளவில் கொடியேற்றம், நாட்டுப்பண், அதன்பின் சிறு பௌத்தப் பிரார்த்தனை. வேறு சமயத்துப் பிள்ளைகள் கைகூப்பியோ கூப்பாமலோ அமைதியாக நின்றால் பெரும்பாலும் போதும், சேரும்போதே சொல்லிவிடுங்கள். ஜூன் வாக்கில் ஒரு வியாழக்கிழமை 'வை க்ரூ' என்னும் ஆசிரியர் வணக்க நாள் வரும். அன்று பிள்ளைகள் ஆசிரியருக்குக் கொண்டுபோகும் தட்டில் மரபாக வைப்பவை அருகம்புல், வெட்சிப்பூ, கத்தரிப்பூ. அருகம்புல்லை எங்கே பறிப்பது என்று உங்கள் பிள்ளை கேட்கும்போது நீங்கள் வேற்று நாட்டில் இருப்பதாகத் தோன்றாது.

உணவில் சிக்கல் இறைச்சித் துண்டுகள் அல்ல. காய்கறிப் பொரியலிலும் சூப்பிலும் மீன் சாறாகிய 'நாம் ப்ளா' கலந்திருக்கும். குழம்பு விழுதில் இறால் விழுது இருக்கும். இறைச்சி என்னும் பொருளில் 'நுவா' வேண்டாம் என்று சொன்னால் பலர் மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்று புரிந்துகொண்டு பன்றி இறைச்சியைப் பரிமாறுவார்கள். அது ஏமாற்று அல்ல, சொல்லின் பொருள் அப்படி. 'மாங்சாவிராட்' என்பது சைவம். ஆனால் முட்டை இருக்கலாம். 'ஜே' என்பது சீன வழி நோன்புணவு. மீன் சாறு, முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் இராது. சந்தேகம் வேண்டாம் என்பவர்கள் 'ஜே' என்று கேட்பதே நல்லது. எப்படியும் முதல் பருவத்துக்கு வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக் கொடுங்கள். வெளி உணவை அனுமதிக்காத பள்ளியும் உண்டு என்பதால் இதையும் சேர்க்கைக்கு முன்பே கேளுங்கள். மழலையர் வகுப்பில் ஆசிரியைகள் அன்பு மிகுதியால் ஊட்டிவிடுவார்கள். தாய் மொழியில் எழுதிய ஒரு சிறு அட்டையைப் பிள்ளையின் பையில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: சியங் மாய் நகரில் பன்னாட்டுப் பள்ளிகள் நிறைய இருப்பதால் அங்கே வேலையை ஏற்கலாம் என்றிருக்கிறேன். மகளுக்கு ஒன்பது வயது, இழுப்பு உண்டு. பள்ளி தேர்வில் வேறென்ன பார்க்க வேண்டும்? – ஒரு வாசகர், சென்னை

பதில்: பள்ளிகளின் எண்ணிக்கையில் சியங் மாய் மற்ற மாகாண நகரங்களை விட முந்தி நிற்பது உண்மை. 1887-இல் மிஷனரிகள் தொடங்கிய பிரின்ஸ் ராயல்ஸ் கல்லூரி, 1932-இல் புனித காபிரியேல் சபைத் துறவிகள் தொடங்கிய மோன்ட்ஃபோர்ட் கல்லூரி போன்ற பழைய தனியார் பள்ளிகளும் அங்கே உண்டு. கல்லூரி என்பது பெயரளவில்தான், அவை பள்ளிகளே.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் 'இழுப்பு'. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்கு மாகாணங்களில் காட்டுத் தீயும் வயல் எரிப்பும் சேர்ந்து, மலைகள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கில் புகை தங்கிவிடுகிறது. அந்த வாரங்களில் உலகின் மிக மாசடைந்த நகரங்களின் வரிசையில் சியங் மாய் முன்னணிக்கு வருவது பல ஆண்டுகளாக நடக்கிறது. எல்லாக் கட்டடங்களிலும் சன்னல்களை இறுக மூடிக் காற்று வடிகட்டி வைத்திருக்கும் பள்ளி, சில வகுப்புகளில் மட்டும் வைத்திருக்கும் பள்ளி, மின்விசிறியோடு சன்னலைத் திறந்து வைத்திருக்கும் பள்ளி என்று மூன்று நிலைகளையும் அங்கே காணலாம். நுண்துகள் அளவு எவ்வளவு உயர்ந்தால் வெளி விளையாட்டை நிறுத்துவீர்கள், எவ்வளவு உயர்ந்தால் பள்ளியை மூடுவீர்கள், அளவுமானி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். எண்ணால் விடை சொல்லாத பள்ளியை விட்டுவிடுங்கள். வசதியிருந்தால் மார்ச் மாதத்தில் ஒரு வாரம் போய்த் தங்கிப் பார்த்த பின்பே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். நவம்பரில் போய்ப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த ஊரைக் காதலித்துத்தான் திரும்புகிறார்கள். மகளின் மருத்துவர் வேண்டாம் என்றால், பள்ளிகள் குறைவாக இருந்தாலும் தெற்கே ஹாட் யாய் போன்ற ஊரை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: ராயோங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்கிறேன். பள்ளியே பிள்ளைகளுக்குக் கல்வி விசா எடுத்துத் தருவதாகச் சொல்கிறது. ஏற்கலாமா? – ஒரு பொறியாளர், ஓசூர்

பதில்: உங்களுக்குப் பணி விசா இருக்கும்போது, இருபது வயது நிறையாத பிள்ளைகள் உங்களைச் சார்ந்தவர்களாகவே ஆண்டுதோறும் தங்கும் அனுமதியை நீட்டித்துக்கொள்ளலாம், அதில் இருந்தபடியே பள்ளியில் படிக்கலாம். கல்வி விசா அந்தப் பள்ளியோடு கட்டப்பட்டது; பிள்ளை பள்ளியை விட்டால் தங்கும் அனுமதியும் போய்விடும். பள்ளி பிடிக்காமல் ஆண்டின் நடுவில் மாற்றும் உரிமையை எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? தாய் அல்லது தந்தை வேலையின்றிப் பிள்ளையின் படிப்புக்காகவே தங்கும் குடும்பங்களுக்குத்தான் கல்வி விசா பொருந்தும். அப்போது காப்பாளராகத் தங்குபவர் அங்குள்ள வங்கியில் 5 இலட்சம் பாட் இருப்புக் காட்ட வேண்டும். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றை இந்தியாவிலேயே சான்றொப்பம் செய்துகொண்டு போங்கள். அங்கிருந்து செய்ய முயன்றால் ஒரு பருவமே கழிந்துவிடும். விண்ணப்பங்களில் பௌத்த ஆண்டு கேட்பார்கள். நம் ஆண்டோடு 543-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏழு வயது மகன் தாய்ப் பள்ளியில் சேர்ந்தால் தமிழ் எழுத்தை மறந்துவிடுவானா? இரண்டு எழுத்துமுறைகளும் குழம்பாதா? – ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: பயிற்சி இல்லாவிட்டால் மறப்பான், குழம்ப மாட்டான். மாறாக, தமிழ் எழுத்தறிந்த பிள்ளைக்குத் தாய் எழுத்து பாதி வழி அறிமுகமானதே. பல்லவர் காலத்து எழுத்து கெமர் எழுத்தின் வழியாகச் சென்று தாய் எழுத்தானது. தாய் நெடுங்கணக்கில் 44 மெய்யெழுத்துகள் இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை க வரிசை, ச வரிசை, ட வரிசை, த வரிசை, ப வரிசை என்று நம் முறைப்படியே ஒவ்வொன்றும் மூக்கொலியில் முடிந்து நிற்கின்றன. நாம் 'கெ', 'கே', 'கை' என்று எழுதும்போது கொம்பை முன்னால் போட்டுவிட்டு மெய்யைப் பின்னால் எழுதுகிறோம் அல்லவா? தாய் மொழியிலும் எ, ஏ, ஐ, ஓ ஒலிகளின் குறிகள் எழுத்துக்கு முன்னால்தான் வரும். ஆங்கிலம் மட்டும் அறிந்த பிள்ளை இங்கே முதல் நாளே தடுக்கி விழும். உங்கள் மகனுக்கு இது வியப்பாகவே இராது. அவனுக்குக் கடினமாக இருக்கப் போவது ஐந்து தொனிகளும், சொற்களுக்கிடையே இடம் விடாமல் எழுதும் வழக்கமும்தான்.

ஆகவே போகும் முன் தமிழ் எழுத்தை முழுமையாகக் கற்றுக்கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். அங்கே தமிழ் வகுப்புக்கு ஆள் தேட வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களை வாரத்தில் இரண்டு மாலை உட்கார்ந்து படிக்க வைத்தால் போதும்.